துணையைத் தேர்ந்தெடுக்க ஊர்ச் சம்மதம் எதற்கு?

ஆணவக்கொலைக்கு எதிராகத் தனிச்சட்டம் வேண்டும் என்று பேசினால் நம் கூட்டங்களில் கைதட்டல் எழும். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ முடிவெடுத்தால் அதில் சாதிக்கு என்ன வேலை, ஊருக்கு என்ன வேலை என்று கேட்டால் கைதட்டல் இன்னும் கூடும். அதே மேடையில், "அந்த இருவரும் பெண்களாக இருந்தால்?" என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். கூட்டம் அமைதியாகிவிடும். சிலர் சிரிப்பார்கள். சிலர், "இதெல்லாம் நமக்கு எதுக்குங்க தோழர்? பட்டா பிரச்சினையே தீரல" என்பார்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரம் பதில் சொல்ல விரும்புகிறோம். தன்பாலினத்தவர் திருமண உரிமை நம் பிரச்சினைதான். இரக்கப்பட்டு ஆதரிக்க வேண்டிய அடுத்தவர் பிரச்சினை அல்ல. யாரோடு வாழ்வது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் சம்பந்தப்பட்ட மனிதருக்கா, அவரைப் பெற்ற வீட்டுக்கும் சாதிக்கும் ஊருக்குமா என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் கேள்வி. இந்தக் கேள்வியில் நம் பிள்ளைகள் தண்டவாளத்திலும் கடைவீதியிலும் பிணமாகக் கிடந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நீதிமன்றம் சொன்னது என்ன?

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, தன்பாலின உறவைக் குற்றமாக வைத்திருந்தது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்தோரின் மனமொத்த உறவுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்றது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினர் என்பது.

இந்தக் காரணம் நமக்குப் பழக்கமானது. "நீங்க பத்து வீடுதானே, உங்களுக்கு எதுக்குத் தனியா சுடுகாட்டுப் பாதை?" என்று கேட்கப்பட்ட காலனிகள் எத்தனை! தலையை எண்ணிப் பார்த்துக் கொடுப்பதற்கு உரிமை ஒன்றும் பந்திச் சோறு அல்ல. ஒரே ஒருவருக்கு மறுக்கப்பட்டாலும் அது மறுப்புத்தான். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இந்தத் தவறைத் திருத்தியது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது அன்றோடு குற்றம் இல்லை என்றானது.

குற்றம் இல்லை என்றாகிவிட்டது. உரிமை உண்டா? இந்தக் கேள்வியோடு பல இணையர்கள் மீண்டும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் தங்கள் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதிலும், சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் மாற்றி வாசிக்க முடியாது என்பதிலும் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் இத்தகைய இணைவை அரசு அங்கீகரிக்க வேண்டும், இவர்கள் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் சொன்னார்கள். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா ஆகிய மூவரும் அதை ஏற்கவில்லை. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தக் கதவும் மூடியது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின.

ஒரு நல்ல செய்தியும் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஒரு திருநங்கை ஓர் ஆணையும், ஒரு திருநம்பி ஒரு பெண்ணையும் இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்று ஐவரும் ஏற்றார்கள். அந்த வழியை முதலில் திறந்துவிட்டது நம் மாநிலம்தான். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையும் ஓர் ஆணும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார்.

வழக்கம் என்பது யாருடைய வழக்கம்?

இந்தத் தீர்ப்பில் நம்மை உறுத்த வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. திருமணம் என்பது அரசுக்கு முன்பே இருந்துவரும் சமூக ஏற்பாடு, அது வழக்கத்திலிருந்து வந்தது, சட்டமும் வழக்கமும் அங்கீகரிக்கும் அளவுக்குத்தான் அதில் உரிமை உண்டு என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம்.

வழக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் மக்களுக்கு முதுகு கூசும். நம் நாட்டில் திருமண வழக்கம் என்பது பெரும்பாலும் சாதி வழக்கம். 1931-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்குப் பதினொரு தடைகளை விதித்தார்கள். கல்யாணத்தில் மேளம் வைக்கக் கூடாது, தாலி கட்டுமுன் குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது, பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பவை அவற்றில் சில. மாப்பிள்ளையைக் கதவில் உட்கார வைத்துத் தூக்கிப் போவது அன்றைக்கு 'வழக்கம்'. அதை மீறியவர்களுக்கு அடி.

அண்ணல் அம்பேத்கர் 1916-ல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே இதன் வேரைத் தொட்டுவிட்டார். சாதி உயிரோடு இருப்பது அகமணத்தால்தான் என்றார். தன் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பது என்ற வேலியைக் காப்பாற்றத்தான் பெண்ணின் உடலும் விருப்பமும் கண்காணிக்கப்படுகின்றன என்று விளக்கினார். 1936-ல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில், கலப்பு மணமே சாதிக்கு உண்மையான மருந்து என்றார். ஆகவே, திருமணத்தை வழக்கத்தின் கையில் விட்டுவிடுவது நமக்கு ஆபத்து. இன்று இரு பெண்களுக்கு எதிராகப் பயன்படும் அதே 'வழக்கம்' என்ற வாதத்தை, நாளை ஒரு தலித் இளைஞனுக்கும் ஆதிக்க சாதிப் பெண்ணுக்கும் எதிராகச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

நம் கையில் ஆயுதங்கள் இல்லாமல் இல்லை. 2018 மார்ச் 27 அன்று ஆணவக்கொலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணக்க முடிவெடுத்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்றது. துணையைத் தேர்ந்தெடுப்பது அரசியல் சாசனத்தின் 19, 21 ஆகிய பிரிவுகள் தரும் உரிமை என்றது. 2023 தீர்ப்பும் இதை மறுக்கவில்லை. தன்பாலின இணையர் சேர்ந்து வாழலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் அந்த வாழ்க்கையைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்கிறது. சுருக்கமாகச் சொன்னால், வீடு கட்டிக் குடியிருக்கலாம், ஆனால் பட்டா கிடையாது. பட்டா இல்லாத வீட்டில் குடியிருப்பது என்னவென்று நம் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பதிவு இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

வசதியானவர்களுக்குப் பதிவு இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. வக்கீலை வைத்து உயில் எழுதலாம், சொத்தைக் கூட்டாக வாங்கலாம். கூலி வேலை செய்யும் இரண்டு பெண்கள் என்ன செய்வார்கள்? கிராமத்தில் அரசு தரும் ஒவ்வொன்றும் 'குடும்பம்' என்ற வாசல் வழியாகத்தான் வருகிறது. ரேஷன் அட்டை குடும்பத்துக்கு. நூறு நாள் வேலை அட்டை குடும்பத்துக்கு. இழப்பீடு வாரிசுக்கு. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட உறவினர். பிணவறையிலிருந்து உடலை வாங்க உறவினர். இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் கஞ்சி குடித்தவர், இவற்றில் எதிலும் 'யாரோ'தான்.

நமக்கு நெருக்கமான ஒரு சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில், பாதிக்கப்பட்டவரைச் சார்ந்தோர் யார் என்று ஒரு பட்டியல் உண்டு. மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர், கைம்பெண்ணான சகோதரி, முன்பே இறந்துபோன மகனின் மனைவி, பிள்ளைகள் என்று அது போகிறது. ஒரு தலித் பெண் சாதி வெறியில் கொல்லப்பட்டால், அவளோடு வாழ்ந்த இன்னொரு பெண் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறாள்? நிவாரணம் யாருக்குப் போகும்? அவளை வீட்டை விட்டுத் துரத்திய அப்பாவுக்குப் போகலாம். கடைசி வரை கூட இருந்தவளுக்குப் போகாது. தலித் உரிமையும் தன்பாலினத்தவர் உரிமையும் வேறு வேறு என்று சொல்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்றிய அரசும் இதை முழுதாக மறுக்க முடியாமல் ஒரு படி இறங்கி வந்திருக்கிறது. 2023 வழக்கில் அரசு தந்த உறுதியின்படி, அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு 2024 ஏப்ரலில் அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, தன்பாலின இணையரை ஒரே குடும்பமாகக் கருதி ரேஷன் அட்டை வழங்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உணவுத் துறை எழுதியது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று நிதித்துறை தெளிவுபடுத்தியது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணை பெற்றுக்கொள்ளலாம் என்று சுகாதாரத் துறை கடிதம் அனுப்பியது. இவை சுற்றறிக்கைகள்தான், சட்டம் அல்ல. ஆனாலும் காகிதத்தில் இருப்பதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. இடஒதுக்கீடு முதல் கல்வி உதவித்தொகை வரை அப்படிக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறோம்.

காவல் நிலையத்தில் ஒரே கதை

சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையரோடு காவல் நிலையம் போனவர்களுக்கு அங்கே நடப்பது மனப்பாடம். பெண் வீட்டார் 'காணவில்லை' என்று புகார் கொடுப்பார்கள். புகார் கொடுத்த ஒரு மணி நேரத்தில் பையனின் காலனிக்கு ஜீப் வரும். பெண் மேஜர் என்று சான்றிதழைக் காட்டினாலும், "அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாம்மா" என்று தனி அறைக்கு அனுப்புவார்கள். அழுகை, மிரட்டல், விஷக் குப்பி எல்லாம் அங்கே அரங்கேறும். கடைசியில் பெண் வீட்டாரோடு வண்டி ஏறுவாள். அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருக்கிறாளா என்று நாம் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கைப் பாருங்கள். சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்குப் போனார்கள். இரு வீட்டிலும் 'காணவில்லை' புகார். காவல்துறை தேடி வந்தது. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். சாதி என்ற சொல்லை எடுத்துவிட்டால் கதை அப்படியே நம் கதை. வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் தானே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். வயது வந்த இணையர் என்று தெரிந்தால் காவல்துறை 'காணவில்லை' புகாரை முடித்துவைக்க வேண்டும், துன்புறுத்தக் கூடாது என்றார். பாலின ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் கொடுமைக்கும் தடை போட்டார். அதன் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளையே திருத்தியது.

விதி மாறியது. காவல் நிலையம் மாறியதா? 2025 மே மாதம் வேலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் பதில் கிடைத்தது. 25 வயதுப் பெண்ணைக் குடும்பத்தார் பிடித்துப்போய் வீட்டில் அடைத்தார்கள். அவளுடைய துணையான பெண் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டியிருந்தது. காவல்துறை அந்தப் பெண்ணைப் பெற்றோரோடு போகக் கட்டாயப்படுத்தியதை நீதிமன்றம் கண்டித்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் அமர்வு அவளை விடுவித்தது. குடும்பம் உண்டாக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது.

ஒரே ஜீப், ஒரே புகார், ஒரே தனி அறை. எதிரி ஒருவராக இருக்கும்போது நாம் மட்டும் ஏன் தனித்தனியாக நிற்க வேண்டும்?

நகரத்துப் பழக்கமா?

"இது பட்டணத்துப் பணக்காரங்க சமாச்சாரம்" என்பது அடுத்த வாதம். இதை ஊர்ப் பெரியவர்கள் மட்டும் சொல்லவில்லை. 2023 வழக்கில் இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்று ஒன்றிய அரசே எழுதிக்கொடுத்தது. ஆங்கிலம் பேசும் நகரத்து உத்தியோகஸ்தர் மட்டுமல்ல, கிராமத்தில் வயல் வேலை செய்யும் பெண்ணும் தன்பாலின ஈர்ப்பு உள்ளவராக இருக்கலாம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில் அதற்குப் பதில் சொன்னார்.

கிராமத்தில் அவர்கள் இல்லாமல் இல்லை. வெளியே சொல்ல இடமில்லை, அவ்வளவுதான். "அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல" என்று நம் தெருக்களில் சொல்லப்படும் பெண்களில் எத்தனை பேர் கட்டாயத் தாலிக்குள் தள்ளப்படுகிறார்கள், எத்தனை பேர் பூச்சிமருந்தைத் தேடுகிறார்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்? திருநங்கைகளைப் பாருங்கள். வீட்டை விட்டு விரட்டப்படுபவர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த கிரேஸ் பானு, தலித்தாகவும் திருநங்கையாகவும் நின்றுதான் திருநர்களுக்குத் தனி உள் இடஒதுக்கீடு கேட்டுப் போராடிவருகிறார். சாதி ஒரு பக்கம், பாலினம் ஒரு பக்கம் என்று அவருடைய வாழ்க்கையைப் பிரித்துக் காட்ட முடியுமா?

பக்கத்து நாட்டுச் செய்தி ஒன்றும் உண்டு. நேபாள உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பிறகு, 2023 நவம்பர் 29 அன்று அந்நாட்டின் முதல் தன்பாலினத் திருமணம் பதிவானது. பதிவானது காத்மாண்டுவில் அல்ல. லம்ஜுங் மாவட்டத்தில், தோர்தி என்ற ஒரு கிராம ஊராட்சி அலுவலகத்தில்.

சுயமரியாதைத் திருமணம் கற்றுத் தந்த பாடம்

நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டதே, இனி என்ன என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இதற்குப் பதில் நம் மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தந்தை பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. அதற்குப் பின் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியில் மணந்தார்கள். ஆனால் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கமான சடங்குகள் இல்லாத அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. யோசித்துப் பாருங்கள். ஒரே தீர்ப்பில் அந்தப் பெண்கள் மனைவிகள் இல்லை, பிள்ளைகள் வாரிசுகள் இல்லை என்ற நிலை. அன்றைக்கும் காரணம் இதே 'வழக்கம்'தான்.

தீர்ப்பைக் கேட்டு யாரும் திருமணத்தை நிறுத்தவில்லை. தொடர்ந்து செய்தார்கள், தொடர்ந்து கேட்டார்கள். 1967-ல் அறிஞர் அண்ணாவின் ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. சுக்கிலநத்தத்திலிருந்து சட்டப் புத்தகம் வரை வந்து சேர 40 ஆண்டுகள் ஆயின.

அந்தப் பிரிவு இன்றும் உயிர்களைக் காக்கிறது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணத்தை ஊரறியச் செய்ய வேண்டியதில்லை, குடும்பத்தின் மிரட்டலுக்கு அஞ்சும் இணையர் வழக்கறிஞர்கள் முன்னிலையிலும் மணந்துகொள்ளலாம் என்றது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி ரவீந்திர பட்தான், சரியாக ஐம்பது நாள் கழித்துத் தன்பாலினத்தவர் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார்.

நீதிமன்றம் மறுத்ததைச் சட்டமன்றம் தர முடியும் என்பதுதான் இதன் பாடம். திருமணம் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் ஐந்தாவது இனம். ஒன்றிய அரசு செய்யாவிட்டால், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலம் செய்யலாம். அன்று செய்து காட்டிய மாநிலம் நம் மாநிலம்.

அண்ணல் எந்தப் பக்கம்?

"அம்பேத்கர் இதற்கெல்லாமா போராடினார்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கை நினைவூட்டுகிறோம். பம்பாயில் ஆர்.டி. கார்வே என்பவர் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழை நடத்தினார். தன்பாலின உறவு உள்ளிட்ட பாலியல் சந்தேகங்களை வாசகர்கள் எழுதிக் கேட்க, அவர் அறிவியல்படி பதில் எழுதினார். ஆபாசம் என்று அவர் மீது வழக்கு. 1934-ல் அவருக்காக நீதிமன்றத்தில் நின்று வாதாடிய வழக்கறிஞர், அண்ணல் அம்பேத்கர். வழக்கு தோற்றது. கார்வேக்கு 200 ரூபாய் அபராதம். பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள். தலைக்கு மேல் ஆயிரம் போராட்டங்கள் இருந்த காலத்தில், "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று அவர் கேட்கவில்லை.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியபோது, அரசியல் சாசன அறம் என்பது தானாக வருவதல்ல, வளர்த்தெடுக்க வேண்டியது என்றார். 2018-ல் 377-ஆவது பிரிவுக்கு எதிரான தீர்ப்பு சாய்ந்து நின்றது இந்தக் கருத்தின் மீதுதான். பெரும்பான்மையின் ஒழுக்கம் வேறு, அரசியல் சாசனத்தின் அறம் வேறு. இந்த வேறுபாடு இல்லையென்றால் நாம் இன்றைக்கும் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்க முடியாது. அங்கேயும் பெரும்பான்மை நமக்கு எதிராகத்தானே இருந்தது?

நம் தோழர்களில் சிலர் வேறொரு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். திருமணமே சாதியைப் பெருக்கும், பெண்ணை அடிமையாக்கும் அமைப்பு, அதற்குள் ஏன் போக வேண்டும்? நியாயமான கேள்விதான். வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று இருக்கட்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை, உள்ளே விடப்பட்டவருக்குத்தான் உண்டு. கோயிலுக்குள் போவதும் போகாததும் நம் விருப்பம். வாசலில் நிறுத்துவதை எதிர்ப்பது நம் கடமை.

நாம் கேட்க வேண்டியவை

ஆணவக்கொலைகளைத் தடுக்கச் சட்டம் இயற்றுவது பற்றிப் பரிந்துரைக்க, 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் சட்டம் எப்போது வந்தாலும், அதில் 'இணையர்' என்ற சொல் சாதி, மதம், பாலினம் என்ற எந்த வேலியும் இல்லாமல் எழுதப்பட வேண்டும். திருமணம் ஆனவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு என்று எழுதினால், மணம் முடிக்கும் முன்பே துரத்தப்படும் சாதி மறுப்புக் காதலர்களும் வெளியே நிற்பார்கள். நம் கோரிக்கையும் அவர்கள் கோரிக்கையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டும் விதி நீக்கப்பட வேண்டும். பெயரையும் முகவரியையும் ஒரு மாதம் பலகையில் ஒட்டி வைப்பது, கொல்ல வருபவருக்கு வழி சொல்வது போன்றது. தலித் கிறிஸ்தவப் பையன் ஓர் இந்துப் பெண்ணை மதம் மாறாமல் மணக்க வேண்டுமானால் இந்தச் சட்டம் ஒரு முக்கிய வழி. 2023 வழக்கில் தன்பாலினத்தவர் கேட்டவற்றில் இந்த விதியை நீக்குவதும் ஒன்று. நமக்காகவும் சேர்த்து அவர்கள் கேட்டார்கள்.

முழுத் திருமணச் சட்டம் வரும்வரை இடைக்கால வழி ஒன்றும் இருக்கிறது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணையர் தங்களைக் குடும்பமாக அறிவித்துப் பதிவு செய்யும் 'குடும்ப உறவுப் பத்திரம்' என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு பரிசீலிக்கலாம் என்றார். அதைச் சட்டமாக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 'சார்ந்தோர்' பட்டியலை விரிக்க வேண்டும். 2018 தீர்ப்பு சொன்ன பாதுகாப்பு இல்லங்களும் சிறப்புப் பிரிவும் மாவட்டந்தோறும் உண்மையாகவே இயங்க வேண்டும். அவற்றின் கதவு எல்லா இணையருக்கும் திறக்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதி அறையில், உங்கள் தெருவில் ஒருவர் தன் மனதைச் சொல்ல வாயெடுத்தால், சிரிக்காமல் கேளுங்கள். வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள். அது சில நேரம் உயிரை வாங்கிவிடும். 2021 உத்தரவையும் 2025 உத்தரவையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் "அப்படியொரு விதி இல்லை" என்று சொல்லும்போது எடுத்து நீட்டுங்கள். இலவச சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் உதவி கிடைக்கும்.

14-ஆவது பிரிவு சமத்துவத்தையும் 21-ஆவது பிரிவு வாழ்வுரிமையையும் 'எந்த நபருக்கும்' மறுக்கக் கூடாது என்கின்றன. எந்த சாதி நபர், எந்தப் பாலினத்தை நேசிக்கும் நபர் என்று அண்ணல் அடைப்புக்குறி போடவில்லை. நாமும் போட வேண்டாம்.